கலாசாலையும் மாணாக்கர் உறைவிடமும்

ஊர்விட்டு ஊர் சென்று உயர்தரக் கல்வி கற்கப் புகும் மாணாக்கனுக்கு முதற்கண் வேண்டப்படுவது யாதென வினவின், நூலென்பர் சிலர். நல்லாசிரியரென்பர் வேறு சிலர். இவ்விரண்டும் இன்றியமையாதனவே. ஆயினும், கலாசாலையில் இடம் பெற்ற அன்றிரவு அவன் தேடுவது நூலுமன்று, ஆசிரியருமன்று. தலை சாய்க்க ஓரிடமும் பசியாற ஒருவேளைச் சோறுமேயாம். சுவரிருந்தாலன்றோ சித்திரம் எழுதலாகும்?

கலாசாலைகளை நடத்தும் பெரியோரிடையே இக்காலத்தில் ஒரு வினா அடிக்கடி எழுகின்றது. கலாசாலையானது தன் எல்லைக்குள்ளேயே மாணாக்கர் விடுதிகளை மேலும் கட்டவேண்டுமா? அன்றி, கற்பிப்பதொன்றே தன் கடனெனக் கொண்டு, உறைவிடம் தேடும் பொறுப்பை மாணாக்கரிடத்தும் அவர்தம் பெற்றோரிடத்தும் விட்டுவிடலாமா? இஃது இன்று நேற்றுத் தோன்றிய வினாவன்று. பல நூற்றாண்டுகளாகப் பல தேசங்களில் இது கேட்கப்பட்டு வந்திருக்கின்றது. சரித்திரம் இதற்கு என்ன விடை கூறுகின்றதென ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாம். சமூகச் சங்கங்கள் பலவும் மாணாக்கர் விடுதிகளின் பொருட்டே பெரும்பொருளும் பேருழைப்பும் செலவிட்டு வந்திருத்தலின், இவ்வாராய்ச்சி நம்மனோர்க்குப் புறம்பானதன்று.

பண்டைக் காலம்

நம் தேசத்திற் கல்விச்சாலையும் உறைவிடமும் ஆதியில் வேறு வேறாக இருந்தனவல்ல. நாளந்தையில் அகழ்ந்து காணப்பட்ட விகாரங்களை நோக்குமின். நடுவே முற்றம், அதனைச் சூழ நாற்புறமும் சிற்றறைகள், கிணறும் நீர் வடியும் கால்வாயும் உடன் அமைந்திருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டிற் சீன தேசத்தினின்று வந்த யுவான் சுவாங் கற்றது இத்தகைய இடத்திலேயாம். பாலவம்சத்துத் தேவபாலனது செப்பேடொன்று, சுவர்ணத்தீவத்து அரசன் பாலபுத்திரதேவன் வேண்டிக்கொண்டபடி நாளந்தையிலிருந்த விகாரமொன்றிற்கு ஐந்து கிராமங்கள் அளிக்கப்பட்டதைக் கூறுகின்றது. அவ்வருவாய் எதன்பொருட்டு? அங்குறைவோரின் உணவு, படுக்கை, மருந்து ஆகியவற்றிற்கும், ஏடெழுதும் செலவிற்குமாம். ஏட்டையும் படுக்கையையும் ஒரே சாசனத்தில் வைத்தெண்ணிய அக்காலத்தார் கருத்து உற்றுநோக்கத்தக்கது.

தமிழகத்திலும் இவ்வாறே. விழுப்புரம் ஜில்லாவிலுள்ள எண்ணாயிரம் என்னும் ஊரில், முதலாம் இராஜேந்திர சோழன் (1012–1044) காலத்துக் கல்வெட்டொன்று 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் கொண்ட வேத கல்லூரி ஒன்றைப் பற்றி உரைக்கின்றது. இம்மாணாக்கருள் 270 பேர் கீழ்வகுப்பினர். 70 பேர் மேல்வகுப்பினர். கீழ்வகுப்பு மாணாக்கன் ஒவ்வொருவனுக்கும் நாள்தோறும் ஆறு நாழி நெல்லும், மேல்வகுப்பினனுக்கு ஒரு குறுணி இரு நாழி நெல்லும் அளக்கப்பட்டன. இத்தர்மத்திற்கென விடப்பட்ட நிலம் 45 வேலி. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராஜேந்திரன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு, பாடசாலை, மாணாக்கர் விடுதி, மருத்துவசாலை ஆகிய மூன்றையும் ஒருங்கே குறிக்கின்றது. மாணாக்கரின் சோற்றிற்கு மட்டுமன்று, சனிக்கிழமை தேய்த்துக்கொள்ளும் எண்ணெய்க்கும், இரவில் எரிக்கும் விளக்கெண்ணெய்க்குங்கூட அதில் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கின்றது.

இவற்றைச் சொல்லி நாம் பெருமை கொள்வதோடு நிற்றல் தகாது. எண்ணாயிரத்திலும் திருமுக்கூடலிலும் உண்டு உறங்கிக் கற்றவர் வேதம் ஓதுதற்கு உரியரெனப்பட்ட வகுப்பினரேயன்றிப் பிறரல்லர். உழுது அந்நெல்லை விளைவித்தவனுடைய மகன் அவ்வாயிலிற் புகுந்தானல்லன். எனவே, பண்டை விடுதி நமக்கு இரண்டு பாடங்களைத் தருகின்றது. கற்பிப்போரே உறைவிடமும் அளித்தாற் கல்வி செழிக்குமென்பது ஒன்று. விடுதியின் வாயிற்கதவு யாருக்குத் திறக்கின்றதோ அவருக்கே கல்வியும் திறக்குமென்பது மற்றொன்று.

ஆக்ஸ்போர்டு நகரின் வாடகை வழக்கு

இனி மேனாட்டை நோக்குவோம். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை தோன்றிய காலத்தில் அதற்கெனச் சொந்த விடுதி யாதுமில்லை. மாணாக்கர் நகரமாந்தருடைய வீடுகளில் வாடகைக்கு இருந்தனர். வாடகைபற்றியும் உணவுப்பொருள் விலைபற்றியும் இருசாராருக்கும் ஓயாத மனத்தாங்கல் இருந்துவந்தது. 1209-ஆம் ஆண்டில் ஒரு பெண்ணின் கொலையை முன்னிட்டு நகரத்தார் மாணாக்கர் சிலரைத் தூக்கிலிட்டனர். ஏனையோர் அஞ்சி நகரைவிட்டு ஓடினர். அங்ஙனம் ஓடியவருட் சிலர் சேர்ந்த ஊரே கேம்பிரிட்ஜ். அச்சர்வகலாசாலையின் தொடக்கம் அதுவேயென்பர்.

1214-ஆம் ஆண்டில் போப்பாண்டவரின் தூதர் இவ்வழக்கைத் தீர்த்துவைத்தார். அத்தீர்ப்பின் முதற்கூறுகளுள் ஒன்று யாதெனின், மாணாக்கர் குடியிருக்கும் வீடுகளின் வாடகையிற் பாதியைப் பத்தாண்டுகளுக்கு நகரத்தார் தள்ளிக்கொடுக்க வேண்டுமென்பதாம். ஏழை மாணாக்கரின் பொருட்டு ஆண்டுதோறும் ஒரு தொகை கட்டவேண்டுமென்றும், உணவுப்பொருளை நியாய விலைக்கு விற்கவேண்டுமென்றும் அது விதித்தது. ஆக, அச்சர்வகலாசாலையின் மிகப் பழைய சாசனமே வாடகைச் சாசனமாக அமைந்துவிட்டது!

ஆயினும், பிறர் வீட்டை நம்பி வாழ்வோனுக்குத் தீர்ப்பு எத்துணை நாள் துணைசெய்யும்? இங்கிலாந்தின் மந்திரியாகவிருந்த வால்ட்டர் டி மெர்ட்டன் என்பார் 1264-ஆம் ஆண்டில் தம் நிலங்களின் வருவாயை எழுதிவைத்து, மாணாக்கர் கூடி உறைதற்குரிய கல்லூரியொன்றை நிறுவினார். அதற்கென விதிகளும் வகுத்தார். 'காலேஜ்' என்று இன்று நாம் வழங்கும் அமைப்பு, ஆக்ஸ்போர்டில் அங்ஙனமே கூடியுறையும் இல்லமாக வளர்ந்ததேயன்றிப் பாடஞ்சொல்லும் மண்டபமாக மட்டும் வளர்ந்ததன்று. இவ்வில்லங்களின் அருமை 1355-ஆம் ஆண்டிற் புலப்பட்டது. மதுக்கடையொன்றில் எழுந்த சச்சரவு பெருங்கலகமாக மூண்டு, நகரத்தாருக்கும் மாணாக்கருக்கும் மூன்று நாள் போர் நிகழ்ந்தது. சுமார் 63 மாணாக்கர் மாண்டனரென்பர். அதற்குக் கழுவாயாக நகரத்தலைவர் ஆண்டுதோறும் 63 பென்னி செலுத்தும் வழக்கம் 1825 வரை நிலைத்திருந்தது.

எனினும், உறைவிடக் கல்லூரியின் குறையையும் மறைத்தல் ஆகாது. காலம் செல்லச் செல்ல அக்கல்லூரி வாழ்வு செல்வர்க்கே இயல்வதாயிற்று. கல்லூரி எதிலும் சேராதார் சர்வகலாசாலையிற் படித்தலாகாதென்ற விதி ஏழைகளுக்குத் தடையாயிற்று. 1868-ஆம் ஆண்டிலேதான், கல்லூரியிற் சேராமலே குறைந்த செலவில் நகரில் தங்கிப் படிக்க ஆக்ஸ்போர்டு இடங்கொடுத்தது. விடுதி கட்டுவது ஒன்று. விடுதியில் இருந்தே தீரவேண்டுமெனக் கட்டாயப்படுத்துவது வேறொன்று. முன்னது உதவி, பின்னது ஏழையின்மேற் சுமத்தும் வரியாகவும் முடியலாம். இவ்வேறுபாட்டை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

லண்டன் வழியும் சென்னையும்

1826-ஆம் ஆண்டில் லண்டன்மாநகரில் புதுவகைக் கல்லூரியொன்று எழுந்தது. அதிற் சேர்தற்கு மதச்சோதனை இல்லை, உறைவிடமும் இல்லை. நகரத்திலுள்ளார் தத்தம் வீட்டிலிருந்தே வந்து கற்றுச் செல்லலாம். செலவு குறைவு, வாயில் அகலம். பின்னர் 1836-ஆம் ஆண்டில் அமைந்த லண்டன் சர்வகலாசாலையோ பரீட்சை நடத்திப் பட்டமளிக்கும் சபையாகவே இருந்தது. லண்டன்வாசிக்கு இவ்வேற்பாடு பெருநன்மையே.

1857-ஆம் ஆண்டிற் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூவிடத்தும் சர்வகலாசாலைகள் நிறுவப்பட்டபோது இந்த லண்டன் அமைப்பே முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது. ஈண்டுத்தான் இடர் விளைந்தது. லண்டன் மாணாக்கனுக்கு லண்டனில் வீடுண்டு. திருநெல்வேலியினின்றும் கோயம்புத்தூரினின்றும் சென்னைக்கு வந்த மாணாக்கனுக்கு வீடேது? பரீட்சைக்குப் பாடத்திட்டம் வகுத்த சர்வகலாசாலை, அவன் எங்கே உண்பான், எங்கே உறங்குவான் என்பதைத் தன் கணக்கிற் கொள்ளவில்லை. கல்கத்தாவில் 'மெஸ்' எனப்படும் வாடகை வீடுகளில் மாணாக்கர் நெருக்கியடித்து வாழ்ந்தனர். சென்னையில் திருவல்லிக்கேணியின் சந்துகளும் உணவு விடுதிகளுமே அவர்கட்குப் புகலாயின.

அங்கும் பணம் மட்டும் இருந்தாற் போதவில்லை. ஜாதி வினவப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சென்னை வந்த பிராமணரல்லாத மாணாக்கர்க்கு உண்ணவும் உறையவும் இடம் கிடைத்தல் அரிதாக இருந்தது. தீண்டாதாரெனத் தள்ளப்பட்ட வகுப்பாரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? இக்குறையை நீக்கும்பொருட்டே டாக்டர் சி. நடேச முதலியார் 1916-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' என்னும் மாணாக்கர் விடுதியை ஏற்படுத்தினார். அரசியல் மேடைகளிற் பேசப்பட்ட பெருங்கொள்கைகளுக்கு அடியில், மாணாக்கன் ஒருவனுக்கு ஒரு பாயும் ஓரிலைச் சோறும் கிடைக்கவில்லையென்ற எளிய உண்மை கிடந்ததை நாம் அறிதல் நன்று.

பெண்மக்கள் நிலை இதனினும் அரிது. பையனாயின் திண்ணையிலாவது படுப்பான். காவலான இருப்பிடமின்றி மகளை வெளியூருக்கு அனுப்பத் துணியும் பெற்றோர் யாவர்? இளமையிலே கைம்மையுற்றுப் பின்பு பட்டம் பெற்ற சகோதரி சுப்புலக்ஷ்மி அம்மையார், கைம்பெண்களைக் கல்வியில் ஈடுபடுத்த முனைந்து 1912-ஆம் ஆண்டில் முதலிற் செய்தது அவர்கட்கு ஓர் இல்லம் அமைத்ததேயாம். அது பின்னர்ச் சென்னைக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டிடத்திற்கு மாறியது. இல்லம் முன்னும் படிப்புப் பின்னுமாக வந்த இம்முறை, பெண்கல்வியின் சரித்திரத்திற் பன்முறை காணக்கிடப்பது.

சமூக விடுதிகளும் அவற்றின் எல்லையும்

கலாசாலை செய்யாது விட்டதைச் சமூகங்கள் செய்தன. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டுக் கோலாப்பூர் சமஸ்தானமாம். அங்கு இராஜாராம் கலாசாலையைச் சார்ந்து ஏற்பட்ட விடுதி எல்லா வகுப்பாருக்கும் உரியதென்ற பெயர் பெற்றிருந்தும், நடைமுறையிற் பிராமண மாணாக்கரே அதில் நிறைந்திருந்தனர். இதனைக் கண்ட ஷாகு மகாராஜா, வகுப்புத்தோறும் தனித்தனி விடுதிகள் எழ ஊக்கமளித்தார். 1901-ஆம் ஆண்டில் மராட்டியர்க்கும் ஜைனர்க்கும், 1906-ஆம் ஆண்டில் முஸ்லிம்களுக்கும், 1908-ஆம் ஆண்டில் தீண்டாதாரெனப்பட்டவர்க்கும் விடுதிகள் ஏற்பட்டன. தமிழ்நாட்டிலும் பற்பல சமூகத்தார் தத்தம் மகமைப் பணத்தாலும் நன்கொடையாலும் விடுதிகள் அமைத்தனர். இவை இல்லாதிருந்தால், முதல் தலைமுறையிற் கலாசாலை வாயிலைக் கண்ட எத்துணையோ பேர் அதனை மிதித்திருக்கமாட்டார். இவ்வுண்மையை எவரும் மறுக்கவியலாது.

ஆயினும் யாம் ஒன்று கேட்கின்றோம். காலையில் ஒரே பெஞ்சில் அமர்ந்து ஒரே பாடம் கேட்கும் மாணாக்கர், மாலையில் ஜாதிக்கொரு திசையாகப் பிரிந்துசென்று தனித்தனிப் பந்தியில் உண்பாராயின், அவர்கள் கற்ற கல்வியின் பாதி எங்கே போயிற்று? சமூக விடுதி நோய்க்கு மருந்தாக வந்தது. மருந்தையே நித்திய உணவாகக் கொள்ளலாமோ?

ஒரு பந்தியில் உண்ணுதல் எத்துணைப் பெரிய காரியமென்பதைச் சேரன்மாதேவி குருகுலத்தின் கதை விளக்கும். வ. வே. சு. ஐயர் 1922-ஆம் ஆண்டில் தொடங்கிய அவ்வுறைவிடப் பள்ளி தேசபக்தியை வளர்க்கப் பிறந்தது; பொதுமக்கள் பொருளும் காங்கிரஸின் பொருளும் பெற்றது. அங்கே பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவளிக்கப்பட்ட செய்தி வெளிவந்தபோது, டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வே. ராமசாமியாரும் அதனை எதிர்த்தனர். தமிழ்நாடெங்கும் கிளர்ச்சி மூண்டது. காந்தியடிகள் வரையிற் சென்றும் வழக்கு எளிதில் தீர்ந்திலது. 1925-ஆம் ஆண்டில் ஐயரும் குருகுலப் பொறுப்பைத் துறந்தார். அவ்வாண்டிலேயே பாபநாசத்து அருவியில் மூழ்கி மாண்டார். பாடத்தில் வேற்றுமை காட்டியதாக எவரும் வழக்காடினாரல்லர். வழக்கு முழுதும் சாப்பாட்டுக்கூடத்தைப் பற்றியதே. விடுதி கல்விக்குப் புறம்பானதெனக் கருதுவோர் இச்சரித்திரத்தை ஒருமுறை படித்தல் நலம்.

உறைவிடக் கலாசாலைகள் எழுந்தமை

நிற்க. லண்டன் வழியின் குறை மெல்ல மெல்ல உணரப்பட்டது. சர் சையத் அகமதுகான் 1869–70-இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் கல்லூரி வாழ்வைக் கண்டு மீண்டு, அலிகாரில் 1875-ஆம் ஆண்டிற் பள்ளியாகத் தொடங்கிப் பின்னர்க் கலாசாலையாக்கியதை உறைவிடத்தோடு கூடியதாகவே அமைத்தார். 1917-ஆம் ஆண்டில் மைக்கேல் சாட்லர் தலைமையில் நியமிக்கப்பட்ட கல்கத்தா சர்வகலாசாலைக் கமிஷன், இரண்டாண்டு ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், கற்பித்தலும் உறைதலும் ஓரிடத்தே நிகழும் சர்வகலாசாலை டாக்காவில் அமைதல் வேண்டுமென வற்புறுத்தியது. 1921-ஆம் ஆண்டில் டாக்கா சர்வகலாசாலை மாணாக்கர் இல்லங்களையே உறுப்புகளாகக் கொண்டு திறக்கப்பட்டது.

தென்னாட்டில் 1929-ஆம் ஆண்டில் சிதம்பரத்தையடுத்து அண்ணாமலை சர்வகலாசாலை உறைவிடச் சர்வகலாசாலையாகவே தோன்றிற்று. சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலை, நூறாண்டு நிறைந்த 1937-ஆம் ஆண்டில், ஜார்ஜ் டவுனின் நெருக்கடியை விட்டுத் தாம்பரத்துக் காட்டுநிலத்திற்குப் பெயர்ந்தபோது, பாடவறைகளோடு மாணாக்கர் இல்லங்களையும் உடன் அமைத்துக்கொண்டது. சுதந்திரத்திற்குப் பின், 1951-இல் கரக்பூரிலும் 1959-இல் சென்னையிலும் தொடங்கிய தொழில்நுட்பக் கழகங்களும் மாணாக்கர் வளாகத்திலேயே உறையும் முறையைக் கைக்கொண்டன. தேசத்தின் தலைசிறந்த கலாசாலைகளென எவற்றை நாம் எண்ணுகின்றோமோ அவற்றுட் பல உறைவிடத்தோடு கூடியவையாதல் தற்செயலன்று. மாலையில் நூல்நிலையமும், இரவில் தோழரோடு பாடங்குறித்த வாதமும், ஆசிரியரை அணுகும் எளிமையும், இரண்டு மணிநேரம் பஸ்ஸில் நின்று ஊர் திரும்பும் மாணாக்கனுக்கு எங்ஙனம் கிட்டும்?

ஆட்சேபங்களும் விடைகளும்

விடுதி கட்டலாகாதென்போர் கூறும் காரணங்களையும் பாராட்டிப் பார்த்தல் முறையாம்.

முதலாவது, செலவு. வீட்டைக் கட்டிப்பார் என்பது நம் முன்னோர் வாக்கு. அப்பணத்தை ஆசிரியருக்கும் ஆராய்ச்சிசாலைக்கும் செலவிடலாகாதோ என்பர். மெய்யே, கட்டிடம் பெரும்பொருள் விழுங்கும். ஆனால் கலாசாலை அச்செலவைச் செய்யாதுவிடின் அச்செலவு மறைந்துபோவதில்லை. அது மாதந்தோறும் வாடகையாகவும் முன்பணமாகவும் மாறிப் பெற்றோர் தலைமேல் ஏறுகின்றது. வசதியுள்ளவன் கொடுப்பான், வசதியில்லாதவன் படிப்பை விடுவான். கலாசாலையின் வரவுசெலவுக் கணக்கில் அவ்விழப்பு எழுதப்படுவதில்லை என்பதால் இழப்பே இல்லையென்றாகுமா? உணவுச்செலவோவெனின், மாதச் செலவை உண்டவர் தொகையால் வகுத்துக் கட்டணம் பெறும் பழைய வழக்கம் நம் விடுதிகளில் உண்டு. ஒழுங்காகக் கணக்கு வைப்பின் அது எவருக்கும் பாரமாகாது.

இரண்டாவது, ஒழுங்கு. பலர் கூடி வாழுமிடத்துக் கலகம் பிறக்குமென அஞ்சுவர். 1965-ஆம் ஆண்டு ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் மாணாக்கர் விடுதிகள் முன்னின்றதை எடுத்துக்காட்டுவாரும் உளர். ஆனால் 1209-லும் 1355-லும் ஆக்ஸ்போர்டில் இரத்தம் சிந்தியது, மாணாக்கர் பலர் நகர வீடுகளில் சிதறிக் கிடந்த காலத்திலன்றோ? இளைஞர் கூடுமிடத்தில் எழுச்சி இருக்கும். அதனை அறிந்து நெறிப்படுத்தும் பெரியோர் உடனிருத்தல், எவரும் அறியாச் சந்துகளில் அவர்களை விடுவதினும் மேலாம்.

மூன்றாவது, அக்கம்பக்கத்தார் மனத்தாங்கல். இது பழங்கதையன்று. அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலை தன் பெர்க்லி நகர மைதானமொன்றில் சுமார் 1,100 மாணாக்கர்க்கும், வீடற்ற ஏழைகள் சிலர்க்கும் உறைவிடம் கட்ட முனைந்தது. அயலார் சிலர், மாணாக்கர் எழுப்பும் சத்தமும் சுற்றுச்சூழற் கேடேயென வாதித்து வழக்காடினர். 2023-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே சட்டசபை சட்டத்தைத் திருத்தியது. 2024 ஜூன் திங்களில் அம்மாகாண உயர்நிலை நீதிமன்றம் தடையை நீக்கிற்று. மாணாக்கன் நகருக்கு வேண்டும், அவன் கொடுக்கும் வாடகையும் வேண்டும், அவன் குரல் மட்டும் வேண்டாமென்பது எண்ணூறாண்டாக மாறாத மனப்பான்மைபோலும்!

நாம் செய்யத்தக்கது

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவது யாது? கலாசாலை உறைவிடம் அளியாதபோதெல்லாம் வேறு யாரோ அளித்திருக்கின்றனர். ஆக்ஸ்போர்டில் வீட்டுக்காரன் அளித்தான். அவன் வாடகையை உயர்த்தினான். சென்னையில் உணவுக்கடைக்காரன் அளித்தான். அவன் ஜாதி கேட்டான். பின்னர்ச் சமூகம் அளித்தது. அது தன் மக்களைக் காத்தது, ஆயின் பிறர் மக்களினின்றும் பிரித்தது. கற்பிக்கும் நிலையமே உறைவிடமும் அளிக்கும்போதுதான், ஒரே விதியின்கீழ் யாவரும் வாழ இடம் உண்டாகின்றது. ஆதலின், கலாசாலைகள் தம் எல்லைக்குள் விடுதிகளை மேலும் கட்டவேண்டுமென்பதே எமது துணிபு.

ஆனால் மூன்று நியமங்கள் வேண்டும். வெளியூர் ஏழைக்கும், வீட்டிற் படிக்க இடமில்லாத உள்ளூர் ஏழைக்கும் முதலிடம் அளித்தல் ஒன்று. எவரையும் விடுதியில் இருக்கக் கட்டாயப்படுத்தாமை இரண்டு. அடுக்களையிலும் பந்தியிலும் அறை ஒதுக்கீட்டிலும் ஜாதியின் நிழல் படாதபடி காத்தல் மூன்று. கோலாப்பூரில் நேர்ந்ததுபோல, பெயரளவில் யாவர்க்கும் திறந்து செயலளவில் ஒருசாரார்க்கே உரியதாகும் விடுதி, இல்லாமையினும் கேடாம். தமிழ்நாட்டு அரசு 2025 ஜூலைத் திங்களில், தன் மாணாக்கர் விடுதிகள் யாவும் 'சமூகநீதி விடுதி' என்னும் ஒரே பெயரால் வழங்குமென அறிவித்தது. பலகையில் எழுதிய பெயர் அடுக்களை வரையிலும் செல்லுமாறு பார்த்துக்கொள்வது மக்கள் கடமையாம்.

சமூகச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. நம் பெரியோர் மகமை திரட்டி விடுதி கட்டியது, நம் பிள்ளைகளுக்கு வேறு கதி இல்லாத காலத்தில். அவர் தொண்டு போற்றத்தக்கது. அவ்விடுதிகள் இன்றும் பயன்பட்டு வருமாயின் நன்கு பேணத்தக்கன. ஆனால் இனிப் புதிதாகக் கட்ட நினைக்கும் கனவான்கள், ஊரின் மற்றொரு மூலையில் மற்றொரு தனிவிடுதி எழுப்பாமல், கலாசாலை எல்லைக்குள்ளேயே பத்து அறைகளோ ஒரு சாப்பாட்டுக்கூடமோ கட்டிக்கொடுத்து, யாவரும் அதில் உறைக, யாவரும் அதில் உண்க என எழுதிவைப்பார்களாக. நம் பிள்ளையும் அதில் இருப்பான். அடுத்த தெருவான் பிள்ளையும் அவனருகே இருப்பான். தம் முன்னோர்க்கு ஓரிலையில்லை என்று சொன்ன ஊரில் எல்லோர்க்கும் இலைபோட்ட சமூகம் என்ற பெயர், எந்தக் கல்வெட்டினும் நெடுங்காலம் நிற்கும். மகாஜனங்கள் இதனை ஆழ்ந்து சிந்திப்பார்களென நம்புகின்றோம்.